ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு இரண்டு

போன ஆவணியில் என் மனைவி கமலாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஈசிஜி வேண்டும் என்றார்கள். நான் முப்பத்தொரு வருடம் ஈசிஜி எடுத்த அதே ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனேன். திருவண்ணாமலையில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். கேட்டிலிருந்து ஈசிஜி அறைக்கு என் காலத்தில் எழுபத்திரண்டு அடி. இப்போது நடுவில் மருந்துக்கடை வந்துவிட்டதால் சுற்றிக்கொண்டு எண்பத்தொரு அடி நடக்க வேண்டும்.

அறையில் நித்யா இருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த டெக்னீசியன். கமலாவை உள்ளே அழைத்துத் திரையை இழுத்து மூடினாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழு நிமிடம் ஆயிற்று. நான் மூன்றரை நிமிடத்தில் முடிப்பேன். என்ன இவ்வளவு நேரம் என்று எரிச்சலாக இருந்தது.

கமலா முந்தானையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள்.

"இன்னாங்க, இந்தப் பொண்ணு நெஞ்சுல ஆறு எடத்துல ஒட்டுது. அன்னிக்கு நீங்க எனக்கு எடுக்கசொல்ல மேலாக்க ரெண்டே எடத்துல வெச்சு எடுத்துட்டீங்களே? மிஷினு அப்ப வேற மாதிரியா?"

"ஆமா, பழைய மிஷினு" என்றேன்.

நித்யா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள். "பழைய மிஷின்லயும் ஆறுதானே சார்?"

"ஆறுதான்."

அவள் பேப்பரை உறையில் போட்டுக் கொடுத்தாள். ஒன்பது நாள் கழித்து போன் செய்தாள். புதிதாக வேலைக்கு வரும் டெக்னீசியன்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார். எது வேணும்னாலும் எழுதுங்க" என்றாள். 'எது வேணும்னாலும்' என்பதை அவள் அழுத்திச் சொன்னாளா, என் காதுக்கு அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு நான்கு இரவு சரியாகத் தூங்கவில்லை. பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். வேலை கிடைக்காமல் ஏழு வருடம் அலைந்து, முப்பத்தொன்றாவது வயதில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கோவிந்தசாமி என்ற மூத்த டெக்னீசியனிடம் பதினொரு மாதம் பழகினேன். அவர் ஓய்வு பெற்றதும் அறை என் கைக்கு வந்தது. என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

வேலை என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது. நோயாளியைப் படுக்க வைத்து இரண்டு கையிலும் இரண்டு காலிலும் கிளிப் மாட்ட வேண்டும். இந்த நான்கும் இருதயத்தைத் தூரத்திலிருந்து பார்க்கின்றன. பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்கு நெஞ்சில் ஆறு இடம் இருக்கிறது. வி1, வி2 இரண்டும் மார்பெலும்பின் வலப் பக்கம், இடப் பக்கம், நான்காவது விலா இடுக்கில். வி4 இடது பக்கம் ஐந்தாவது இடுக்கில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே. வி3, வி2-க்கும் வி4-க்கும் மத்தியில். வி5, வி6 அப்படியே அக்குளை நோக்கிப் போகும். இந்த இடங்களைக் கண்ணால் பார்த்து வைக்கக் கூடாது. விரலால் விலா எலும்பைத் தடவி எண்ண வேண்டும். எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை.

இப்போது ஆறு இடத்திலும் ஒரே நேரத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். என் காலத்து மிஷினில் நெஞ்சுக்கு ஒரே ஒரு பல்ப்தான். ஆட்டோ ஹாரனில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன ரப்பர் உருண்டை. அடியில் ஒரு உலோகக் கிண்ணம். ஜெல்லி தடவி, உருண்டையை அமுக்கி வைத்தால் தோலைக் கவ்விக்கொள்ளும். முதல் இடத்தில் வைத்து நான்கு துடிப்பு ஓடவிட வேண்டும். எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறு இடம் முடிந்ததும் நீளப் பேப்பரை வெட்டி, அட்டையில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் வி1, வி2 என்று பேனாவால் எழுத வேண்டும். எந்தத் துண்டு எந்த இடத்தில் எடுத்தது என்று மிஷினுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. என் பேனா எழுதியதுதான் சாட்சி.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தார்கள். நான் ஜாக்கெட்டைத் தளர்த்தச் சொல்ல வாயெடுத்தேன். கோவிந்தசாமி என் கையிலிருந்து பல்பை வாங்கிக்கொண்டார்.

"பொம்பளைங்கள அவுக்கச் சொல்லாதடா. ஊட்டுக்காரன் வெளிய நிக்கிறான், சட்டையப் புடிச்சுடுவான். மேலாக்க வெச்சு எடுத்துடு. அவங்களுக்கு இந்த வியாதியெல்லாம் கம்மி."

ஜாக்கெட்டின் கழுத்துக்கு மேலே, காறை எலும்புக்குக் கீழே, வலப் பக்கம் ஒரு இடம், இடப் பக்கம் ஒரு இடம். வலப் பக்கத்தில் எடுத்ததற்கு வி1 என்று எழுதினார். இடப் பக்கத்தில் அதே இடத்தில் ஐந்து தடவை எடுத்து, வி2 முதல் வி6 வரை எழுதினார். ஐந்தும் ஒன்றுபோல வந்தால் டாக்டர் சந்தேகப்படுவார் என்பதால் பல்பை அரை விரல் அரை விரலாக நகர்த்தினார். நானும் அப்படியே கற்றுக்கொண்டேன். அவரைவிட நன்றாகவே செய்தேன்.

இதை நான் ஏமாற்று என்று அப்போது நினைக்கவில்லை. மரியாதை என்றே நினைத்தேன். கீழே எடுக்காத துண்டுகளை எழுதாமல் வெறுமனே விட்டிருந்தால் அது மரியாதையாக இருந்திருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு ஒரு நர்ஸை விட்டு எடுக்கச் சொல்லியிருப்பார். நான் எழுதினேன். வரிசையாக, குண்டெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. தினமும் எத்தனை ஈசிஜி, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று இரண்டு பத்தியில் எழுதி வைப்பேன். யாரும் கேட்கவில்லை, எனக்கு எண்ணாமல் இருக்க முடியாது. ஆண்கள் பத்தி எப்போதும் ஜாஸ்தி, பெண்கள் பத்தி கம்மி. கோவிந்தசாமி சொன்னதற்கு என் நோட்டே அத்தாட்சி என்று நினைத்துக்கொண்டேன். யாரை அனுப்புகிறார்களோ அவர்களைத்தான் நான் எண்ண முடியும் என்பது புத்தியில் படவில்லை. ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் நேராக என் அறைக்கு வருவான். பெண்கள் முதுகு வலி, தாடை கடுக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, நாலு நாளா ஒரே அசதி என்று வருவார்கள். காஸ் என்று ஒரு மாத்திரை, தூரம் நிற்கிற வயசு என்று ஒரு சமாதானம். அதோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். தப்பித் தவறி என் அறைவரைக்கும் வந்த சிலருக்கு நான் இருந்தேன்.

சகுந்தலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயா. செங்கம் ரோட்டில் பஸ் ஏறி வருவாள். வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர் வேர்க்கடலை நிலம், ஒரே மகள். பெண்களுக்கு ஈசிஜி எடுக்கும்போது திரைக்கு உள்ளே அவள் நிற்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. பதினோரு வருடம் நின்றாள். வாய் சும்மா இருக்காது.

ஒரு நாள் நான் பேப்பர் வெட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "ஏண்ணா, ஆம்பளைங்களுக்கு ஆறு எடம், எங்களுக்கு ரெண்டே எடமா? எங்களுக்கு நெஞ்சு அவ்ளோதானா?"

"உனக்கு வாய்தான் பெருசு. அதுல வெச்சா பேப்பர் பத்தாது" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் சுற்றிவிட்டுக் கால் கொப்புளம், மயக்கம், வாந்தி என்று வந்தவர்கள் வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்து மூன்று பேர். காலை பத்து மணிக்கு சகுந்தலா துடைப்பத்தை வைத்துவிட்டு என் அறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். முகம் வியர்த்திருந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. சர்க்கரை இருந்தது.

"இன்னா சகுந்தலா, வேல நேரத்துல ஒக்காந்துட்ட?"

"தெரிலண்ணா. தோளுக்கு நடுவுல யாரோ ஒலக்கைய வெச்சு அமுக்குற மாதிரி கீது. தாடையெல்லாம் இழுக்குது. பல்லு வலியோன்னு நெனச்சேன்."

"சாப்ட்டியா?"

"ரெண்டு இட்லி துன்னேன். வாந்தி வந்துட்ச்சு."

பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர்தான் எங்கள் இருதய மருத்துவர். குரலை உயர்த்த மாட்டார். நோயாளியைப் படுக்கை எண்ணால் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது; பெயரைச் சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார். ஈசிஜி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடரால் ஒவ்வொரு துடிப்பாக நடந்து போவார். முடிவு சொல்லுமுன் பென்சிலால் மேஜையை மூன்று தடவை தட்டுவார். மூன்றுதான். எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறேன்.

"நம்ம சகுந்தலாவா? உடனே எடுத்துட்டு வா" என்றார்.

அவள் படுத்தாள். அன்று திரைக்கு உள்ளே நிற்க வேறு யாரும் இல்லை, நிற்கிறவளே படுத்திருந்தாள். வெளியே நர்ஸுகள் எல்லாம் கிரிவலக் கூட்டத்தோடு இருந்தார்கள். ஒரு நிமிடம் நடந்து போய் ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கலாம். தினமும் என்னோடு டீ குடிக்கிறவள், என்னை அண்ணா என்கிறவள், அவள் ஜாக்கெட்டில் நான் எப்படிக் கை வைப்பது? பல்பை எடுத்தேன். மேலே வைத்தேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஆறும் எடுண்ணா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று பதினெட்டு வருடமாக யோசிக்கிறேன்.

"எடுக்கறேன், பேசாம படு" என்று சொல்லி, அரை விரல் அரை விரலாக நகர்த்தினேன். வெட்டினேன், ஒட்டினேன், எழுதினேன்.

பெரிய டாக்டர் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். டிவைடர் வி3-யில் நின்றது. வி1-லிருந்து வி5 நோக்கிப் போகப் போக, ஆர் அலை என்கிற நிமிர்ந்த கோடு உயர வேண்டும்.

"ஏழுமலை, ஆர் அலை வளரவே இல்லையே. இடம் சரியா வெச்சியா?"

"வெச்சேன் சார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "பொம்பளைங்களுக்கு எப்பவுமே இப்படித்தான் இருக்கு." பென்சிலை மூன்று தடவை தட்டினார்.

அந்த வாக்கியம் எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் விளங்கியது. பெண்களின் ஈசிஜி அப்படித்தான் இருக்கும் என்று அவர் எங்கே கற்றுக்கொண்டார்? அவர் இந்த ஆஸ்பத்திரியில் பார்த்த பெண்களின் அட்டை எல்லாம் நான் எடுத்தவை. ஒரு நல்ல டாக்டரின் கண்ணை இத்தனை வருடமாக நான் கெடுத்து வைத்திருந்தேன். கெட்டுப்போன இடம் அவருக்குத் தெரிய வழியில்லை.

சகுந்தலாவுக்கு வயிற்றுக்கு ஒரு சிரப்பும், இரண்டு நாள் லீவும் கொடுத்து அனுப்பினார்கள். நான்தான் ஆட்டோ ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் மூச்சு விட முடியாமல் அவளை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு, இருதயத்தின் முன்பக்கத் தசையில் பெரிய அடி; வந்து மூன்று நாள் ஆகிவிட்டதால் செத்த தசையைத் திருப்ப முடியாது என்றார்கள். பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தாள். வேலைக்குத் திரும்பவே இல்லை.

வேலூரில் எடுத்த ஈசிஜியை அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு அட்டை பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வேலூர் பேப்பரில் வி2 முதல் வி5 வரை பார்த்தால் அடைப்பு என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். என் அட்டையில் ஒன்றுமே இல்லை.

"ஏழுமலை, வி4 எங்க வெச்ச?"

"அதே எடந்தான் சார். அஞ்சாவது இடுக்குல."

அவர் என்னை நம்பவில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் தாமே சகுந்தலா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், வேறு வழியில்லை. கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். வீட்டுக்காரர், மகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பதினோரு பேர் நின்றார்கள். டாக்டர் குனிந்து கேட்டார். "அன்னிக்கு ஏழுமலை கீழ வரைக்கும் வெச்சு எடுத்தாராம்மா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"வெச்சாரு சார்."

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. அடைப்பின் ஆரம்பத்தில் ஈசிஜி சரியாக இருந்து பிறகு மாறுவது உண்டு. மறுபடி ஒன்று எடுக்கச் சொல்லாதது தம் தப்புதான் என்றார். அன்றிலிருந்து முதுகு வலி, தாடை வலி, காரணமில்லாத அசதி என்று எந்தப் பெண் வந்தாலும் ஈசிஜி, அரை மணியில் இன்னொன்று என்று விதி போட்டார். புது டாக்டர்கள் வந்தால், "நான் ஒரு கேஸ் தவறவிட்டேன். எங்க ஆஸ்பத்திரிப் பொம்பளைதான். என் கண்ணு முன்னால இருந்தா" என்றுதான் ஆரம்பிப்பார். அதை நான் பதினேழு தடவை கேட்டிருக்கிறேன். அவருடைய பிரிவுபசார விழாவிலும் சொன்னார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கை தட்டினேன்.

டாக்டர் என்னிடம் அந்தக் கேள்வி கேட்ட நாளிலிருந்தே நான் எல்லாப் பெண்களுக்கும் ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, விலாவை எண்ணி, ஆறு இடத்திலும் எடுத்தேன். ஒருத்தர்கூடச் சண்டைக்கு வரவில்லை. எதற்கு என்று சொன்னால் சரி என்றுதான் சொன்னார்கள். ஏன் மாற்றினேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், நேற்றுவரை எடுத்தது என்ன என்று கேட்பார்கள். நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டேன், அவ்வளவுதான். கோட்டுக்கு மேலே பெண்கள் பத்தியைக் கூட்டினால் நான்காயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று.

என்னுடைய பிரிவுபசார விழாவில் மேனேஜர் பேசும்போது, இத்தனை வருடத்தில் ஏழுமலைமேல் ஒரு பெண்கூடப் புகார் சொன்னதில்லை என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

இதை எழுதி முடித்தால் சகுந்தலாவைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. போன வாரம் பஸ் ஏறிப் போனேன். அவளுக்கு இப்போது அறுபத்தைந்து. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. கட்டிலிலிருந்து வாசலுக்குப் பதினாறு அடி. நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறாள் என்று மகள் சொன்னாள்.

"இன்னாண்ணா, வழி தெரிஞ்சுச்சா?"

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அன்றைக்கு டாக்டரிடம் ஏன் 'வெச்சாரு' என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்றது? அத்தினி பேரு நிக்கசொல்ல, மாருக்குக் கீழ வெக்கல சார்னு என் வாயால சொல்லணுமா? வரல. உன் வேலையும் பூடும்னு நெனச்சேன், இல்லங்கல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நானுந்தான் தெரைக்குள்ள நின்னேன். பதினோரு வருசம். ஆறு, ரெண்டுன்னு உன்கிட்ட சொல்லிச் சிரிச்சத டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா, இன்னிக்குக் கடலைக்கொல்லிக்குப் போயிட்டு வந்துக்கினு இருப்பேன்."

"தப்பு உன்மேல இல்ல, சகுந்தலா."

"அத நீ சொல்லாத." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எழுதிக்கோ. என் பேரும் போட்டு எழுது. பெரிய டாக்டருகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப இங்க இன்னாத்துக்கு வந்த? மொதல்ல அங்க போ."

மகள் கொடுத்த காபியை முழுக்கக் குடிக்கவில்லை.

பெரிய டாக்டர் இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புது மனைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். எழுபத்தைந்து வயது. மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போனேன். எழுதியதைக் கையில் கொடுக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். கொடுக்கவில்லை, வாயாலேயே சொன்னேன். கோவிந்தசாமியிலிருந்து ஆரம்பித்தேன். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து உள்ளே போனார். பத்து நிமிடம் வரவில்லை. என்னைப் போகச் சொல்கிறாரோ என்று செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பழைய பைலோடு வந்தார். உள்ளே அந்த இரண்டு அட்டையும் இருந்தன. ஒவ்வொரு புது டாக்டருக்கும் காட்டுவதற்காக வைத்திருந்தாராம்.

"பதினெட்டு வருஷம் நான் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், ஏழுமலை" என்றார். குரலை உயர்த்தவில்லை.

பிறகு அதே கேள்வியைக் கேட்டார். "வி4 எங்க வெச்ச?"

என் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, இடது காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே தொட்டுக் காட்டினேன். "இங்க சார்."

"வி5?"

"இங்கயேதான்."

"வி6?"

"இங்கயே."

மேஜையிலிருந்த பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நீ எழுதினது. நீயே திருத்து."

அட்டையை வாங்கினேன். அந்தக் காலத்துப் பேப்பர் நாளாக ஆக வெளுத்துவிடும். சகுந்தலாவின் இருதயம் போட்ட கோடுகள் அநேகமாகப் போய்விட்டன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் லேசாகத் தெரிகின்றன. பக்கத்தில் நான் எழுதிய குண்டெழுத்து மட்டும் அப்படியே இருந்தது. ஆறையும் அடித்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும், எடுத்த இடத்தை எழுதினேன். கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன். அவர் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, பைலில் வைத்தார். எனக்கு டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு அட்டை திருத்தியாயிற்று. மற்ற நான்காயிரத்து எண்ணூற்று அறுபதும் யார் யார் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அவற்றில் ஒன்று கமலாவுடையது. அது மட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியும். இன்று தேடி எடுக்க வேண்டும்.